ஆலோசகரா, அக்காவா, சூப்பர்வைசரா? தொழிலாளர் மனநலத்துக்கு எந்த ஏற்பாடு பொருந்தும்

மூன்று பேர் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார்கள். பல்லடம் ரோட்டில் 140 பேரை வைத்து ஜாப் ஒர்க் யூனிட் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் இடம்) நடத்துபவர் சொன்னார்: "ஏனுங்க, பையர் ஆடிட்டுல தொழிலாளர் மனநலத்துக்கு என்ன செஞ்சிருக்கீங்கன்னு புதுசா ஒரு கேள்வி வந்திருக்குது. ஒரு கவுன்சிலரைப் போட்டா முடிஞ்சுதுங்களா?" (பையர் என்பது நம்மிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி; ஆடிட் அவர்கள் தரப்பில் நடக்கும் சோதனை.) ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர்: "கடையில 18 பொண்ணுங்க. ஆள் போட்டுச் சம்பளம் குடுக்க நமக்குக் கட்டாது. சும்மா இருக்கவும் மனசு கேக்கல." கோவைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையின் பெர்சனல் ஆபீசர்: ஆலையில் 600 பேர், விடுதியில் 220 பெண்கள், பாதிக்கு மேல் ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கம். அவருடைய கவலையெல்லாம் ராத்திரியைப் பற்றியது.

மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. திருப்பூர், அவினாசிப் பக்கத்துக் கம்பெனிகளில் பதினேழு வருடமாகப் பெர்சனல் வேலை பார்க்கிறேன். கீழே சொல்லும் நான்கு ஏற்பாடுகளையும் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். அதில் இரண்டை நானே சொதப்பியும் இருக்கிறேன்.

## முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்

ஒரு கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்ற ஒரு அக்கா. வேலையில் கெட்டி, பேச்சு குறைவு. ஒருநாள் சூப்பர்வைசர் அவருக்குப் பின்னால் வந்து, பீஸ் மெதுவாகப் போகிறது என்று ஸ்டீல் ஸ்கேலால் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அடிக்கவில்லை, மேஜையில்தான் தட்டினார். அந்த அக்கா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். லைன் முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசரும் சிரித்தார். மறுநாளிலிருந்து நான்கு நாள் அக்கா வேலைக்கு வரவில்லை.

அவருக்கு முன்பு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்று வரை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மனக்காயம் அறிந்து நடக்கும் பணியிடம் என்று சொல்வதன் உயிர்நாடி இதுதான். யாருக்கு என்ன நடந்தது என்று துருவாமல், இங்கே இருக்கும் எவருக்கும் ஏதாவது நடந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டு நடப்பது. அமெரிக்க அரசின் மனநல அமைப்பான சாம்சா 2014-இல் இதை நான்கு வேலைகளாகப் பிரித்துச் சொன்னது: மனக்காயம் எவ்வளவு பரவலானது என்று உணர்வது, அதன் அறிகுறிகளை அடையாளம் காண்பது, அதற்கேற்ப நம் நடைமுறையை மாற்றுவது, மீண்டும் காயப்படுத்தாமல் இருப்பது. நம் ஊர்க் கம்பெனிகள் முதல் மூன்றுக்குச் செலவு செய்யத் தயாராக இருக்கின்றன. நான்காவதில்தான் வழுக்குகிறது.

கொங்குப் பக்கம் காயத்துக்குப் பஞ்சமில்லை. கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மில் விடுதிகளில் மூன்று வருடம் அடைபட்டிருந்த பெண்கள் இன்று நாற்பதை நெருங்கியிருப்பார்கள்; அவர்களில் பலர் நம் லைனில்தான் தைக்கிறார்கள். 2020 ஊரடங்கில் கையில் காசில்லாமல் ஊருக்கு நடந்தவர்கள் திரும்ப வந்து வேலை செய்கிறார்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத்தார் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது, திருப்பூர் அறைகளுக்குள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த பையன்கள் எனக்குத் தெரியும். குடிகார வீடு, கந்துக்கடன், சாதிக்காக வாங்கிய அடி எல்லாம் காலை எட்டரை மணிக்குக் கேட்டுக்குள் நுழைகிறது. கேட்டிலேயே அதைக் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

ஆடிட்டர்கள் கேட்பது "ஏற்பாடு உண்டா, இல்லையா" என்பதைத்தான். நான் ஐந்து கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்.

1. ரகசியம் நிற்குமா? சொன்னது மொதலாளி காதுக்கோ கம்பெனி பஸ்ஸுக்கோ போகாது என்ற நம்பிக்கை வருமா?
2. தேவைப்படும் நேரத்தில் கிடைக்குமா? ஒன்றரை ஷிப்ட் ஓடும் ஊரில், பகல் பதினொன்று முதல் ஒன்று வரை திறந்திருக்கும் அறை யாருக்கு?
3. எல்லோருக்கும் எட்டுமா? மொழி, சாதி, ஆண் பெண், கைமடி வேலை பார்க்கும் உதவியாளுக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் உள்ள தூரம்.
4. காரணத்தைத் தொடுமா? காயம் வேலையிடத்திலேயே உண்டாகிறது என்றால், அதை நிறுத்துமா, மருந்து மட்டும் போடுமா?
5. நிலைக்குமா? ஆர்டர் குறைந்ததும் முதலில் வெட்டுப்படுவது இதுவாக இருக்குமா? 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனபோது எங்கே கத்தி விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் கேள்விக்கும் நான்காவதற்கும் நான் இரட்டை எடை கொடுப்பேன். மற்றதெல்லாம் சரிசெய்துகொள்ளலாம்.

## ஏற்பாடு 1: சொந்தமாக ஒரு முழுநேர ஆலோசகர்

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்த ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது. பெரிய கம்பெனிகள் முதலில் எட்டுவது இதைத்தான். சம்பளம் ஏறக்குறைய ஒரு நல்ல லைன் சூப்பர்வைசருக்குக் கொடுப்பது போல வரும்.

இதில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். ஆலோசகருக்கு எச்.ஆர். கேபினுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிக் கதவு வைத்த அறையைக் கொடுத்தேன். ஏசி, குஷன் நாற்காலி, மேஜையில் மணி பிளான்ட். நான்கு மாதம் ஒருவரும் வரவில்லை. வந்த ஒருவரும் தீபாவளி அட்வான்ஸ் கேட்க வந்தவர். பிறகு ஆலோசகரே ஒரு வழி சொன்னார்: "சார், இந்த ரூமை விட்டுடலாம். குழந்தைகள் காப்பகத்துக்குப் பக்கத்துல ஸ்டோர் ரூம் ஒன்னு இருக்குது, அதைக் குடுங்க." தாய்மார்கள் பால் கொடுக்க எப்படியும் அந்தப் பக்கம் போவார்கள், போனால் எதற்குப் போனார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஃபேன் மட்டும் போட்டுக் கொடுத்தோம். அந்த மாதமே ஆள் வர ஆரம்பித்தது.

நன்மை என்னவென்றால், ஆள் அங்கேயே இருப்பார். கட்டிங்கில் விரல் போன அன்று, விடுதியில் ஒரு பெண் சாப்பிடாமல் படுத்த அன்று, யாரையும் கூப்பிடக் காத்திருக்க வேண்டாம். முகங்கள் பழகும்.

மறைச்செலவு மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று, சம்பளம் கொடுப்பது கம்பெனி என்பதால் சந்தேகம் எப்போதும் இருக்கும். நீங்கள் ஆலோசகரிடம் "அந்தப் பொண்ணு ஏன் லீவு போடுது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டு, அவர் பதில் சொல்லிவிட்டால் போதும், கதை முடிந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்று உரிமையாகவே கொடுத்திருக்கிறது. அதை ஆலோசகரின் நியமனக் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்: தனிநபர் விவரம் நிர்வாகத்துக்குத் தரப்படமாட்டாது, எண்ணிக்கை மட்டும்தான். இரண்டு, அவருக்கு வேறு வேலை ஏறும். ஆடிட் வந்தால் ஃபைல் தயார் செய், ஆள் குறைந்தால் ஆள் எடு, பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்து. ஆறே மாதத்தில் இன்னொரு எச்.ஆர். ஆகிவிடுவார். மூன்று, தனியாளாகக் கேட்டுக் கேட்டு அவரே தளர்வார். அவர் போய்ப் பேச மூத்த ஆலோசகர் ஒருவர் மாதம் ஒருமுறையாவது வேண்டும். அதற்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

பலரும் நல அலுவலரையே இதற்குப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டம் 500 பேர் இருந்தால் நல அலுவலர் வேண்டும் என்றது. 2020-இல் வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 250 ஆக்கியது. அவர் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் மெமோ போகும்போது பக்கத்தில் நிற்பவரிடம் யாரும் மனதைத் திறக்கமாட்டார்கள். இரண்டையும் ஒரே ஆள் தலையில் கட்டாதீர்கள்.

இது சரிவரும் இடம்: 500 பேருக்கு மேல், அதிலும் விடுதி வைத்த ஆலை. 140 பேர் யூனிட்டுக்கு முழுநேர ஆள் என்பது, நாளுக்கு ஐந்து பேர் என்று வைத்தாலும், மாதத்துக்கு 130 அமர்வு. அவ்வளவு தேவை இருந்தால் பிரச்சினை ஆலோசகர் இல்லாதது அல்ல, வேறு.

## ஏற்பாடு 2: வாரம் ஒருமுறை வெளியிலிருந்து வருபவர்

ஒரு மருத்துவமனையோடோ தொண்டு நிறுவனத்தோடோ ஒப்பந்தம் போட்டு, வாரம் ஒருநாள் ஆலோசகரை வரவழைப்பது. நடுத்தர யூனிட்டுகளுக்கு இது கைக்கு அடக்கமாகத் தெரியும்.

ரகசியத்தில் இது முதலாவதை விட ஒரு படி மேல். வருபவர் நம் கேன்டீனில் சாப்பிடுவதில்லை, நம் பஸ்ஸில் போவதில்லை, நம் ஆட்களுக்குச் சொந்தக்காரரும் இல்லை. கொங்குப் பக்கம் "அவங்க யாரு வூட்டுப் பொண்ணு?" என்று இரண்டு கேள்வியில் உறவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வெளியூர்க்காரர் என்பதே ஒரு பாதுகாப்பு.

கணக்கைப் பாருங்கள். புதன்கிழமை நான்கு மணி நேரம், ஒருவருக்கு நாற்பது நிமிடம்: ஆறு பேர். மாதத்துக்கு 24 பேர். 140 பேருக்கு இது போதும். ஆனால் ஆறு பேரும் வருவார்களா என்பதில்தான் சூட்சுமம். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில், தைப்பவருக்கு நாற்பது நிமிடம் என்பது காசு. பவர் டேபிளை (தையல் மெஷினை) விட்டு எழுந்தால் அந்த வாரச் சனிக்கிழமைக் கவரில் தெரியும். ஒரு யூனிட்டில் வந்தவர்கள் அத்தனை பேரும் ஷிப்ட் சம்பளக்காரர்கள், பீஸ் ரேட் ஆள் ஒருவர்கூட இல்லை. பிறகு, அறையில் இருந்த நேரத்துக்கு அவரவர் சராசரி பீஸ் கூலியைப் போட்டுக் கொடுத்ததும் நிலைமை மாறியது. ஒப்பந்தத் தொகையில் இந்தச் செலவு எழுதியிருக்காது. நீங்கள்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அந்த அனுமதிச் சீட்டு. சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட சீட்டோடு ஒரு பெண் லைனைத் தாண்டி நடந்தால், மாலைக்குள் எல்லோருக்கும் தெரியும். பி.பி. பார்ப்பது, கண் பரிசோதனை, ஆலோசனை மூன்றையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வையுங்கள். யார் எதற்குப் போனார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வருபவரின் படிப்பைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு இருக்கும். "கவுன்சிலர்" என்று போர்டு போட அப்படி எதுவும் தேவைப்படுவதில்லை. வார இறுதிப் படிப்பு முடித்துவிட்டு உபதேசம் செய்பவர்களும் அந்தப் பெயரில்தான் வருகிறார்கள். "புருசன் அடிச்சா அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி அனுப்பிய ஒருவரை நான் இரண்டாவது வாரமே நிறுத்தினேன்.

இது சரிவரும் இடம்: 100 முதல் 400 பேர் வரை, பெரும்பாலும் உள்ளூர் ஆட்கள், விடுதி இல்லாத யூனிட். அவசரத்துக்கு ஆகாது. வியாழக்கிழமை நடந்த விபத்துக்கு அடுத்த புதன்வரை காத்திருக்க முடியாது.

## ஏற்பாடு 3: தொழிலாளர்களிலிருந்தே ஒரு துணை

எல்லாக் கம்பெனியிலும் ஏற்கெனவே ஒரு அக்கா இருப்பார். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, யாருக்குக் கைமாத்து வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவரைப் போன்றவர்களை லைனுக்கு ஒருவராகத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பதுதான் இந்த ஏற்பாடு.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அதன்பின், தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகள், உற்பத்தி நிறுவனம் இவற்றுக்கிடையே 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. எச் அண்ட் எம் போன்ற பையர்களும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். அதில் ஒரு ஏற்பாடு, தளத்திலேயே கண்காணிக்கும் தொழிலாளர்கள்: சுமார் 25 பேருக்கு ஒருவர். தொல்லையைப் பார்த்தால் பதிவு செய்வது, பாதிக்கப்பட்டவரோடு நிற்பது அவர்கள் வேலை. பாலினத்தோடு சாதியையும், ஒருவர் புலம்பெயர்ந்து வந்தவரா என்பதையும் சேர்த்துப் பார்த்தது அந்த ஒப்பந்தம். ஆலோசகர் அறை அடிக்கடி தவறவிடுவது அதைத்தான்.

அந்த விகிதப்படி 140 பேருக்கு ஆறு பேர் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவி கையேடு 2011-இல் வந்தது. அதன் சுருக்கம் பார், கேள், இணை. ஆறு அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் இந்த மூன்றையும் கற்றுக்கொடுக்கலாம். தீர்வு சொல்லக் கூடாது, வற்புறுத்திக் கதை கேட்கக் கூடாது, தாண்டினால் யாரிடம் இணைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சரி, எங்கே சறுக்கும்? ஆறு பேரும் ஒரே சாதி, ஒரே ஊர் என்று அமைந்துவிடும். மொதலாளிக்கு வேண்டியவர்களைப் பெயர் கொடுக்கச் சொன்னால் அப்படித்தான் வரும். தேர்வைத் தொழிலாளர்களிடம் விடுங்கள்: "உங்களுக்கு ஒன்னுன்னா யாருகிட்டப் போவீங்க?" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒடியா பேசும் பெண்கள் இருபது பேர் இருந்தால் அவர்களிலிருந்து ஒருவர் கட்டாயம்.

இன்னொன்று, இந்த அக்காக்களே காயப்படுவார்கள். நல்லபடியாகச் செய்துகொண்டிருந்த ஒருவர், ஒரு வருடம் கழித்து என்னிடம் வந்து, "எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லிட்டு அவங்க தூங்கறாங்க சார். எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேங்குது" என்றார். அவர் பேச ஓர் இடம் வைக்காமல் அவரை இதில் இறக்கியது என் தவறு. கேட்பவருக்கும் கேட்க ஆள் வேண்டும். அதற்கான நேரம் வேலை நேரத்திலேயே கணக்காக வேண்டும், இலவச சேவையாக அல்ல.

இது சரிவரும் இடம்: வெளிமாநிலத்தார் அதிகம் உள்ள யூனிட், விடுதி, சாயப்பட்டறை போல ஆலோசகர் நுழையத் தயங்கும் இடங்கள். தனியாக நிற்காது. பின்னால் 1 அல்லது 2 இருக்க வேண்டும்.

## ஏற்பாடு 4: சூப்பர்வைசரையும் நடைமுறையையும் மாற்றுவது

என் சாய்வு இதன் பக்கம்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஸ்கேல் தட்டிய கதைக்கு வருவோம். அக்கா நான்கு நாள் கழித்து வந்தார். நாங்கள் செய்தது இரண்டே விஷயம். அவருடைய மேஜையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டோம், முதுகுக்குப் பின்னால் யாரும் நடக்க முடியாதபடி. சூப்பர்வைசர்கள் எல்லோருக்கும், யாரிடம் பேசினாலும் முன்னால் வந்து, பெயர் சொல்லி, அப்புறம் விஷயம் என்று ஒரு விதி போட்டோம். ஸ்கேலை வாங்கி வைத்துக்கொண்டோம். இதற்கு ஆன செலவு மேஜையை நகர்த்திய இரண்டு பையன்களுக்கு வாங்கிக் கொடுத்த டீ.

இந்த ஏற்பாட்டில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் இப்படிச் சின்னச் சின்ன இடங்கள். கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டுமா? மாதவிலக்கு நாளில் அந்த டோக்கனை ஓர் ஆணிடம் கேட்க வேண்டுமா? டார்கெட் பலகையில் குறைவாகத் தைத்தவரின் பெயர் சிவப்பில் இருக்கிறதா? மைக்கில் திட்டுகிறார்களா? "ஏய் பீகாரி" என்று கூப்பிடுகிறார்களா, பெயர் இருக்கிறதா? டீ வரும்போது ஒரு மூலையில் மட்டும் தனி டம்ளர் இருக்கிறதா? புதிதாகச் சேர்பவரிடம் "எந்த ஊரு, எந்த வளவு (தெரு)?" என்று கேட்பது ஊர்ப்பாசமாகத் தெரியும், அந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்று கேட்கப்படுபவருக்குத் தெரியும். முதல் நாளே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உட்காரும் பெண், பிறகு எந்த ஆலோசகர் அறைக்கும் வரமாட்டார்.

ஓவர்டைம் முன்கூட்டியே தெரிவதும் இதில் சேர்த்தி. மாலை ஐந்தே காலுக்கு "இன்னிக்கு ஒன்றரை ஷிப்ட்" என்று சொன்னால், வீட்டில் சந்தேகப் புருசன் இருக்கும் பெண்ணுக்கு அன்றிரவு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாது. காலையிலேயே சொன்னால் அவர் வழி செய்துகொள்வார்.

செலவைக் கணக்குப் போடலாம். எட்டு சூப்பர்வைசர்களுக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஆறு வகுப்பு என்றால் 96 மணி நேரம், அதோடு பயிற்சியாளர் கட்டணம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதலும் மேலாளர் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. ஆனால் உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. கத்தாமல் ஆள் வேலை வாங்கத் தெரியாத ஒரு சூப்பர்வைசர் இருப்பார். பெரும்பாலும் அவர்தான் ஷிப்மென்ட்டை நேரத்துக்கு முடிப்பவர். அவரை மாற்றவோ, தேவைப்பட்டால் இழக்கவோ தயாரா? மொதலாளி இதற்குத் தயாரில்லை என்றால் பயிற்சிக்குச் செலவழிக்க வேண்டாம், பணம் மிச்சம். சூப்பர்வைசருக்கும் மேலிருந்து அழுத்தம் வருகிறது என்பதை மறக்கக் கூடாது. ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் அவரிடம் கத்துகிறார், அவர் லைனிடம் கத்துகிறார். டார்கெட்டைத் தொடாமல் குரலை மட்டும் தாழ்த்தச் சொன்னால் மூன்று வாரம்கூடத் தாங்காது.

குறை ஒன்று உண்டு. ஏற்கெனவே ஆழமாக உடைந்திருப்பவருக்கு இது சிகிச்சை ஆகாது. தூக்கமில்லாமல், சாப்பிடாமல், சாக வேண்டும் போல இருக்கிறது என்று சொல்பவருக்கு மேஜையைத் திருப்பிப் போட்டு என்ன பயன்? அவரை அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

இது சரிவரும் இடம்: எல்லா இடமும். 18 பேர் கடைக்கும் 600 பேர் ஆலைக்கும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முழுநேர ஆலோசகர் | வாரம் வருபவர் | தொழிலாளர் துணை | சூப்பர்வைசர், நடைமுறை மாற்றம் |
|---|---|---|---|---|
| ரகசியம் | நடுத்தரம். நிர்வாகத்தின் ஒழுக்கத்தைப் பொறுத்தது | நன்று | ஆளைப் பொறுத்தது | கேள்வியே எழாது, யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை |
| தேவைப்படும் நேரம் | பகலில் எப்போதும் | வாரம் ஒருநாள் | இரவிலும் உண்டு | எந்நேரமும் |
| எல்லோருக்கும் எட்டுமா | மொழி தடையாகும் | மொழி, பீஸ் ரேட் தடையாகும் | தேர்வு சரியாக இருந்தால் நன்று | நன்று |
| காரணத்தைத் தொடுமா | அபூர்வமாக | இல்லை | ஓரளவு | ஆம் |
| மறைச்செலவு | வேறு வேலை ஏறுவது, ஆலோசகரின் தளர்ச்சி | கூலி இழப்பை ஈடுகட்டுவது | துணை நிற்பவரின் தூக்கம் | பழைய சூப்பர்வைசரை இழப்பது |
| ஆர்டர் குறைந்தால் | முதலில் வெட்டுப்படும் | அடுத்து வெட்டுப்படும் | நிற்கும், ஊக்கம் குறையும் | நிற்கும் |

## செலவில்லாமல் கிடைப்பவை

14416 என்ற எண்ணை எல்லோரும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவை அது. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், 20 மொழிகள், அதனால் ஒடியா, இந்தி பேசுபவருக்கும் உதவும். ஆனால் விடுதியில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்ளும் ஆலையில் அந்த நோட்டீஸ் வெறும் காகிதம். எண்ணைப் போர்டில் ஒட்டுவதோடு கழிப்பறைக் கதவின் உட்பக்கமும் ஒட்டுங்கள். அங்கேதான் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும். பெண்களுக்கான உதவி எண் 181-ஐயும் சேர்த்து.

மருத்துவர் தேவைப்பட்டால் கோவை, திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல் என்று நம்மைச் சுற்றி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அரசின் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்கள் வருகிறார்கள்; நோய்க்கால விடுப்புக்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலி உண்டு. மனநோய்க்கும் சான்றிதழ் வாங்கி அந்த விடுப்பை எடுக்கலாம் என்பது பல எச்.ஆர்.களுக்கே தோன்றுவதில்லை.

ஒருநாள் மோட்டிவேஷன் பேச்சு பற்றியும் கேட்டிருந்தார்கள். சால்வை, கேடயம், பிரியாணி எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஏற்பாடு என்று அதைக் கணக்கில் எழுதாதீர்கள். விபத்தோ சாவோ நடந்த மறுநாள் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து "மனசில இருக்கறதச் சொல்லுங்க" என்று பேசவைப்பது அதைவிட மோசம். அப்படி ஒரே அமர்வில் கொட்டவைப்பதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை.

## இவற்றில் எதுவும் ஈடாகாத ஒன்று

பாலியல் தொல்லைப் புகாரை ஆலோசகரிடம் அனுப்பி "பேசித் தீர்த்து" விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி பத்துப் பேர் இருந்தாலே, புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும்: தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போது கேட்டால் இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ தர வழியுண்டு. குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். 18 பெண்கள் வேலை செய்யும் ஈரோட்டுக் கடைக்கும் இது பொருந்தும்.

## யாருக்கு எது

ஈரோட்டு அம்மாவுக்கு: ஆள் போட வேண்டாம். 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 14416-ஐ ஒட்டுங்கள், உள்ளகக் குழுவை அமையுங்கள். அதற்கும் முன்னால் நாற்காலி. கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஆடி தள்ளுபடியில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களோடு எந்த மனநலமும் பேச முடியாது. நாற்காலி போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கும் மேனேஜரை என்ன செய்வது என்றும் யோசித்து வையுங்கள்.

நூற்பாலைக்காரருக்கு: நான்குமே வேண்டும், வரிசை மட்டும் முக்கியம். விடுதியில் போனைத் திருப்பிக் கொடுப்பதும் வாரம் ஒருநாள் வெளியே போய்வர அனுமதிப்பதும் முதல் மாதம். இரண்டாவது மாதம் ஒடியா, இந்தி பேசும் துணைகளைத் தேர்ந்தெடுங்கள். ஆலோசகர் அதன்பிறகு வரட்டும், முடிந்தால் ஒடியா தெரிந்தவர். அவருடைய அறை வார்டன் அறைக்கு எதிரில் இருக்க வேண்டாம். பூட்டிய கேட்டுக்குள் ஆலோசகரை மட்டும் அனுப்பினால், பெண்கள் அவரையும் கேட்டின் ஒரு பகுதியாகத்தான் பார்ப்பார்கள்.

பல்லடம் ரோட்டுக்காரருக்கு 4, அதன்மேல் 2 என்றேன். ஆறு மாதம் கழித்து வேண்டுமானால் 3. அவர் ஆடிட் தேதி நெருங்குகிறது என்று 2-ஐ முதலில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். "ஆலோசகர் புதன்கிழமை வர்றாருங்க, மத்த அஞ்சு நாளும் உங்க சூப்பர்வைசர்தான் வர்றாரு" என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கழிப்பறை டோக்கன் பலகையை என்ன செய்வது என்று கேட்டார். கழற்றச் சொன்னேன். லைனை விட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் போய்விட்டால்? ஒரு வாரம் பாருங்கள் என்றேன். பத்து நாள் கழித்து ஃபோனில் சொன்னார்: "முதல் நாள் கொஞ்சம் கூட்டமாத்தான் போனாங்க. இப்ப பழையபடிதான் போறாங்க. ஆனா ஒரு பொண்ணு வந்து, தண்ணி குடிக்கறதையே விட்டிருந்தேன், இப்பத்தான் குடிக்கறேன்னு சொல்லுச்சுங்க."